பெரியப்பாவின் கூத்துப் பெட்டி

பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம். கண் இரண்டு வருடமாகச் சரியில்லை. ஆளைத் தெரியும், எழுத்துத் தெரியாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு காலத்தில் மத்தளம் கட்டிக்கொண்டு, கூத்தாடும் களரியில் நின்று கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அவர். அவரிடம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் 14 கசற்றுகள் இருந்தன. எல்லாம் 90 நிமிடக் கசற். விடிய விடிய ஆடிய வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்துகள், வசந்தன் ஆட்டப் பாட்டு, வைகாசிச் சடங்கில் அம்மன் கோயிலில் பாடிய காவியம், அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திப் பாட்டு. அவற்றைப் போட்டுக் கேட்ட ரேப் ரெக்கோடர் செத்து நாளாகிறது.

ஒரு ஸ்மார்ட் போனில் ஏற்றிக் கொடுத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். தெரிந்தவர் ஒருவர் ஏற்கெனவே மாற்றி வைத்திருந்த இரண்டு கசற்றைப் போட்டுக் கொடுத்தும் பார்த்தோம். கண் தெரியாதவரின் கைக்கு அது வெறும் வழுவழுப்பான கண்ணாடித் துண்டு. எங்கே தொட்டால் என்ன நடக்கும் என்று விரலுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கூத்துக் கேட்கப் போய், கனடாவில் இருக்கும் மருமகனுக்கு அங்கே நடுச்சாமத்தில் வீடியோ அழைப்பு எடுத்துவிட்டார். "எனக்கு அமத்துற பொத்தான் உள்ள சாமான் ஒண்டு தா மகன்" என்றார். நியாயமான கோரிக்கை.

என் மேசை லாச்சிக்குள் ஒரு சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ் கிடந்தது. கட்டாரில் வேலை செய்த மச்சான் கொண்டுவந்து தந்தது. 2009 இல் வெளிவந்த மொடல். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, 4 கிகாபைட், பக்கத்தில் மெமரி கார்ட் போட ஒரு துளை, மினி யூஎஸ்பி. முன்னால் நிஜமான பொத்தான்கள், விரலுக்குத் தெரிகிற மாதிரி. இதுதான் சாமான் என்று எடுத்தேன். ஆனால் அதற்கு உயிர் இல்லை.

உயிர் இல்லாத பிளேயரைக் கழற்ற முதல் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கேபிள். மினி யூஎஸ்பி கேபிள்களில் சில சார்ஜுக்கு மட்டும் செய்தவை; கணினியில் செருகினால் ஒன்றும் தெரியாது, நாம் பிளேயரைக் குற்றம் சொல்வோம். இரண்டாவது, பவர் பொத்தானை 20 செக்கன் அளவில் அமத்திப் பிடிப்பது. உறைந்துபோன கிளிப் பிளஸ் பல தடவை இதிலேயே எழும்பிவிடும். என்னுடையது எழும்பவில்லை. இரவு முழுக்கச் சார்ஜில் விட்டும் திரை இருட்டு.

சரி, கழற்றுவோம் என்று இறங்கினேன். பழைய ரீலோட் கார்ட் ஒன்றை முக்கோணமாக வெட்டி, ஓரத்தில் உள்ள கோட்டுக்குள் விட்டு மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். இரும்பு ஸ்குரூ டிரைவரை விட்டால் பிளாஸ்டிக் தழும்பாகும், சறுக்கினால் உள்ளே பற்றரியைக் குத்தும். நான் பொறுமை கெட்டு ஒரு மூலையைக் கொஞ்சம் இழுத்ததில் ஒரு சின்னக் கொழுக்கி உடைந்தது. இன்றுவரை அந்த மூலை ஒரு துளி பசையில்தான் நிற்கிறது.

மீற்றர் வைத்துப் பார்த்தால் பற்றரியில் 0.9 வோல்ட். 3.7 வோல்ட் லித்தியம் பற்றரி அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் அதைத் தட்டி எழுப்ப நினைக்கக் கூடாது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து உசுப்பிவிடுகிற வித்தைகள் உண்டு, செய்கிறவர்களும் உண்டு. வயதானவரின் சட்டைப் பைக்குள் போகப்போகிற சாமானில் நான் செய்ய மாட்டேன்.

மாற்றுப் பற்றரி தேடும்போது ஒரு விசயம் கைகொடுத்தது. இந்தச் சின்னப் பை மாதிரியான பற்றரிகளில் அச்சடித்திருக்கும் ஆறு இலக்கம்தான் அதன் அளவு. 402030 என்று இருந்தால் தடிப்பு 4.0 மில்லிமீற்றர், அகலம் 20, நீளம் 30. பழையதை அளந்துகொண்டு போனால் கடைக்காரரிடம் மொடல் பெயர் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியதில்லை. மட்டக்களப்பு ரவுனில் போன் திருத்துகிற கடை ஒன்றில், உடைந்த புளூடூத் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒன்று கிடைத்தது. பழையதை விடத் தடிப்பு குறைவு, கொள்ளளவும் கொஞ்சம் குறைவு. தடிப்பு கூடினால் மட்டும் எடுக்கக் கூடாது: மூடியை அழுத்தி மூடும்போது பற்றரி நசுங்கும். கம்பி பக்கத்தில் மஞ்சள் நாடாவுக்குக் கீழே ஒரு சின்னப் பாதுகாப்புத் தகடு இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தது.

கம்பியை வெட்டும்போது ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டையும் ஒரே கடியில் வெட்டினால் கத்தரிக்கோலே இரண்டையும் இணைத்துவிடும். வெட்டியதை உடனே நாடாவால் சுற்றிவிட்டு அடுத்ததற்குப் போனேன். சோல்டரிங் அயனை இரண்டு செக்கனுக்கு மேல் பலகையில் வைக்கவில்லை. இயர்போன் துளைக்குள் பச்சை பிடித்திருந்தது. கடற்காற்றில் வைத்த சாமான் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் இந்தப் பச்சை வரும். பல்லுக்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி ஐசோபுரோபைல் ஆல்ககோல் தொட்டுத் துடைத்தேன். மூடினேன், அமத்தினேன், நீலமாக எழும்பியது. அந்தத் திரையில் மேலே ஒரு பட்டை மஞ்சள், மற்றது நீலம். பத்து வருடத்துக்குப் பிறகு பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

சந்தோசம் பத்து நிமிடம்தான். பழைய சிடிகளிலிருந்து எடுத்து வைத்த பாட்டுகள் கொஞ்சத்தைப் போட்டுப் பரிசோதித்தேன். பட்டியலைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றது. ஏதாவது ஒரு கோப்பின் விவரக் குறிப்பு கெட்டிருந்தால் இதன் சொந்த மென்பொருள் அந்த இடத்தில் இறுகிவிடும். பாதிப் பாதியாக அழித்துப் பார்த்து அந்தக் கோப்பைப் பிடித்தேன். மற்றவை ஓடின, ஆனால் தலைப்புகளைப் பார்க்க வேண்டுமே! அந்தக் காலத்தில் சிடி எழுதித் தந்த பொடியன்கள் பாட்டின் பெயரைப் பாமினியில் அடித்திருக்கிறார்கள். பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் 'பாடல்' என்ற சொல் ஜி, எச், எல், வை, கடைசியில் ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். முழுப் பட்டியலும் அப்படித்தான்.

அதனால் ரொக்பொக்ஸுக்கு மாறினேன். பழைய பிளேயர்களுக்கென்று ஆர்வலர்கள் சேர்ந்து எழுதுகிற இலவச மென்பொருள் அது. 2001 இல் ஆர்க்கோஸ் பிளேயர்களுக்காகத் தொடங்கியது. நிறுவுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணினியில் ரொக்பொக்ஸ் யூட்டிலிட்டியைத் திறந்து, பிளேயரை எம்எஸ்சி முறையில் (பென் டிரைவ் மாதிரித் தெரியும் முறை) இணைத்து, அது கேட்பதைக் கொடுத்தால் முடிந்தது. பழைய மென்பொருளும் உள்ளேயே இருக்கும். இடது பொத்தானை அமத்திக்கொண்டு உயிர்ப்பித்தால் அது வரும். ரொக்பொக்ஸில் பட்டியல் புதுப்பிக்கும் தொல்லை இல்லை, கோப்புறையை நேரே திறந்து கேட்கலாம்.

யூனிகோடில் தமிழ்ப் பெயர் வைத்துப் பார்த்தேன். தமிழ் எழுத்து உள்ள எழுத்துருவைப் போட்டால் எழுத்து வருகிறது, ஆனால் ஒழுங்காகக் கூடுவதில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'தென்மோடி' என்பதை வாசிக்க எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது. இதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இரண்டு இரவு போனது. பிறகுதான் மண்டையில் உறைத்தது. பெரியப்பா இந்தத் திரையை வாசிக்கப் போவதில்லை. நான் யாருக்காகக் கொம்பைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்?

ரொக்பொக்ஸுக்குப் பேசத் தெரியும். கண் தெரியாதவர்களுக்காகவே மெனுவை வாசித்துக் காட்டும் வசதி நீண்ட காலமாக அதில் இருக்கிறது. மெனுவை வாசிக்கும் குரல் ஆங்கிலம், அது எனக்குத் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது இன்னொன்று. ஒரு கோப்புறைக்குள் அதன் பெயரைச் சொல்லும் சின்ன ஒலித்துண்டு ஒன்றை வைத்துவிட்டால், பட்டியலில் அந்தக் கோப்புறை மீது வரும்போது அதை ஒலிக்கும். கணினிக் குரலாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யார் குரலும் போகலாம், எந்த மொழியும் போகலாம்.

மகளைக் கூப்பிட்டேன். கட்டில் மேல் போர்வையைப் போர்த்துக்கொண்டு போனில் பதிந்தோம். எதிரொலி குறைய அதைவிட மலிவான வழி இல்லை. "வடமோடி." "தென்மோடி." "வசந்தன்." "காவியம்." "குளுத்தி." கசற் ஒவ்வொன்றின் பக்கத்துக்கும் ஒன்று: "முதலாம் கசற், முதல் பக்கம்." இவற்றை ஓடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் நிரலில் வெட்டி, வேவ் கோப்பாக எடுத்து, ரொக்பொக்ஸோடு வரும் ஆர்பி ஸ்பீக்ஸ் என்க் என்ற சின்ன நிரலால் மாற்ற வேண்டும். முதல் தடவை அது எல்லாவற்றையும் மறுத்தது. நான் கொடுத்தது ஸ்டீரியோ. அதற்கு வேண்டியது ஒற்றைத் தடத்தில் 16 பிட் வேவ். மாற்றிக் கொடுத்ததும் எடுத்துக்கொண்டது.

பெயரில் பிழை விட்டால் பேசாது. கோப்புறைக்கு: அடிக்கோடு ஒன்று, அதை ஒட்டி ஆங்கிலத்தில் டிர்நேம், புள்ளி, டோக். அதைக் கோப்புறைக்கு உள்ளே வைக்க வேண்டும். தனிக் கோப்புக்கு: எம்பி3 என்ற வாலோடு சேர்த்த முழுப் பெயர், அதன் பின் புள்ளி, டோக். அதைக் கோப்புக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். எல்லாம் சரியாக வைத்தும் எனக்கு முதலில் ஊமையாகவே இருந்தது. குரல் அமைப்புகளில் கோப்புறைக்கும் கோப்புக்கும் டோக் துண்டுகளைப் பயன்படுத்து என்று தனித்தனியாக இரண்டு தெரிவுகள் இருக்கின்றன; இரண்டும் அணைந்திருந்தன. போட்டேன். பொத்தானைக் கீழே அமத்தினேன். "தென்மோடி" என்றாள் மகள், பெட்டிக்குள் இருந்து. வீட்டில் எல்லாரும் ஓடிவந்தார்கள்.

குரல் துண்டின் சத்தம் பாட்டை விடக் குறைவாக இருந்ததால் ஓடாசிட்டியில் தூக்கி இன்னொரு தடவை மாற்றினேன். அவள் வேகமாகச் சொன்ன நாலைந்தை நிறுத்திச் சொல்ல வைத்தேன்.

இனிக் கசற்றுகள். உண்மையான வேலை இங்கேதான் இருந்தது, நான் அதை ஒரு கிழமையில் முடியும் என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதம் போனது.

கடன் வாங்கிய டெக் ஒன்றை வைத்து, தலையை ஆல்ககோலால் துடைத்து, கணினியின் லைன் இன்னில் கொடுத்தேன். இரண்டு கசற்றில் நாடாவைத் தலையோடு அழுத்தும் சின்னப் பஞ்சு கழன்று விழுந்திருந்தது. வேறு கசற்றின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிப் போட வேண்டி வந்தது. சில நாடாக்களில் பூஞ்சை. ஒவ்வொரு கசற்றையும் பதிவதற்கு முன் இரண்டு தடவை முழுதாக முன்னும் பின்னும் சுற்றினேன், ஒட்டிப்போனது விடுபட.

இரைச்சல் நீக்குவதில் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். ஓடாசிட்டியில் நாடாவின் 'ஸ்ஸ்' சத்தத்தைக் காட்டிவிட்டு நீக்கச் சொன்னால் நீக்கும். அளவு கூட்டிக் கொடுத்தேன். இரைச்சல் போய் அமைதியாக வந்தது, நல்லது என்று பெரியப்பாவுக்குக் கேட்கக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கேட்டார். "ஆட்டக்காரர் காலில சதங்கை கட்டல்லயா?" என்றார். சதங்கையும் சல்லரி என்ற கைத்தாளமும் மேல் அலைவரிசையில் கிடக்கிற சத்தங்கள், நாடாவின் இரைச்சலும் அங்கேதான். இரண்டையும் சேர்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறேன். பழைய வேவ் கோப்பை வைத்திருந்ததால் தப்பினேன். அடுத்த தடவை 6 டெசிபெல் மட்டும் குறைத்தேன். இரைச்சல் இருக்கிறது, சதங்கையும் இருக்கிறது.

அதே மாதிரி, கூத்துக்கு நடுவே ஆள்கள் கதைக்க, பின்னால் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற இடங்களையும் தேவையில்லை என்று வெட்டியிருந்தேன். அதையும் பிடித்துவிட்டார். வரவுக்கு, அதாவது பாத்திரம் களரிக்குள் வருவதற்கு, முன்னால் ஆள் உடுப்புக் கட்டி முடியாமல் பிற்பாட்டுக்காரர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி நேரம் போக்குகிற இடம் அது, அது இல்லாவிட்டால் அடுத்த தரு (கூத்துப் பாட்டு) எங்கே தொடங்குகிறது என்று தெரியாதாம். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்ததை மதிப்பவர்தான் இவர். "அது மேடைக்கு. இது களரி. களரில வெட்டப்படா" என்றார். திரும்ப எல்லாவற்றையும் ஒட்டினேன்.

நாலாம் கசற் தனிக் கதை. அண்ணாவியாரின் குரல் அணில் மாதிரி வந்தது. பதிந்த அன்று ரெக்கோடரின் பற்றரி இறங்கியிருக்கிறது. நாடா மெதுவாக ஓடிப் பதிந்ததை இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் விரைவாகவும் கீச்சென்றும்தான் வரும். எத்தனை வீதம் குறைப்பது என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே பிளேயர்தான் உதவியது. ரொக்பொக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் சுருதியையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்கத் தனித் திரை இருக்கிறது. பெரியப்பாவின் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, "இன்னும் இறக்கு... இன்னும்... ம், இது நான்" என்றார். 94 வீதத்தில் நின்றது. அந்தக் கணக்கை ஓடாசிட்டியில் கொடுத்தேன். பக்கத்தின் கடைசிக்குப் போகப் போகப் பற்றரி இன்னும் இறங்கியிருந்ததால், நாலு துண்டாக வெட்டி நாலுக்கும் வேறு வேறு அளவு கொடுக்க வேண்டியிருந்தது. ஒட்டிய இடங்கள் எனக்குக் கேட்கும். அவருக்கும் கேட்கும், பேசாமல் விட்டுவிட்டார்.

ஐந்தாவதில் ஒரு பக்கக் காதில் மட்டும்தான் சத்தம். ஒலி அமைப்பில் ஒற்றைத் தடத்துக்கு மாற்றலாம், ஆனால் நான் கோப்பையே அப்படிச் செய்துவிட்டேன். அவர் ஒரு காதில் இயர்போன், மறு காதில் வீட்டுச் சத்தம் என்று கேட்கிறவர், ஸ்டீரியோ எதற்கு?

அளவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தடம், 96 கிலோபிட் எம்பி3 என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 43 மெகாபைட் அளவு. 14 கசற்றும் 21 மணித்தியாலம். மொத்தம் ஒரு கிகாபைட் கூட வரவில்லை. இதைக் கணக்குப் பார்க்காமல் நான் முதலே 128 கிகாபைட் என்று எழுதிய மெமரி கார்ட் ஒன்றை மலிவாக இருக்கிறதே என்று வாங்கியிருந்தேன். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரலால் எழுதி வாசித்துப் பார்த்தபோது அதில் உண்மையாக இருந்தது 8 கிகாபைட்டுக்கும் குறைவு. நல்ல கார்டாக இருந்தாலும் 64 கிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ளவை எக்ஸ்ஃபெட் வடிவில் வரும், இந்தப் பிளேயருக்கு அதை ஃபெட்32 ஆக மாற்ற வேண்டும். எனக்கு அந்த வேலை மிச்சம். 4 கிகாபைட்டே தாராளம். மூல வேவ் கோப்புகளைத்தான் இரண்டு ஹாட் டிஸ்க்கில் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

கடைசியாகச் செய்த அமைப்புகள் எல்லாம் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவதுதான். உயிர்ப்பித்ததும் மெனு வராமல் நேரே கோப்புப் பட்டியல் வரும்படி வைத்தேன். மெனுக் குரலை அணைத்தேன். கலைத்துப் போடுவதை அணைத்தேன். கூத்தில் சண்டைக்குப் பிறகு வரவு வந்தால் பெரியப்பா பெட்டியை வாவிக்குள் எறிந்துவிடுவார். சத்தத்துக்கு ஒரு உச்ச எல்லை வைத்தேன். நிறுத்தும்போது தானே புத்தகக்குறி போடும்படியும், திரும்ப அதே கோப்பைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்படியும் செய்தேன். 45 நிமிடக் கோப்பைக் கேட்கிறவருக்கு இது இல்லாவிட்டால் மற்றது எல்லாம் வீண். நடுப் பொத்தானில் ஒரு துளி எப்பொக்சிப் பசையை விட்டுக் காயவைத்தேன், குமிழ் மாதிரி. விரல் அதைப் பிடித்ததும் மற்ற நாலு பக்கமும் தானாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மண்முனைப் பாலத்தால் போய்க் கொடுத்தோம். படிப்பிக்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. கீழே அமத்தினால் பெயர் சொல்லும், குமிழை அமத்தினால் உள்ளே போகும், இடப்பக்கம் அமத்தினால் வெளியே வரும். அவ்வளவுதான் சொன்னேன். புதுப் பற்றரியில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் 11 மணித்தியாலம் ஓடுகிறது; புதிதில் 15 என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். அவருக்கு இரண்டு மூன்று நாளுக்குப் போதும்.

இரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தது. பிழை ஒன்று இருக்கிறது என்றார். நெஞ்சு திக்கென்றது, பற்றரியாக்கும் என்று.

"குளுத்தி எண்டு சொல்லக்க புள்ள சிரிக்கிறா. அம்மாள்ட பாட்டு மகன். அத மட்டும் மாத்தித் தா."

திரும்பக் கேட்டுப் பார்த்தேன், உண்மைதான்; கடைசி எழுத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. இந்தச் சனிக்கிழமை மகளை மறுபடியும் போர்வைக்குள் அனுப்ப வேண்டும். நாடா அறுந்த ஒன்பதாம் கசற்றின் இரண்டாம் பக்கத்தில் பாதியும் இன்னும் பாக்கி.